வெயில் இருந்தது, ஒரு ‘ள்’ இல்லை

போன வாரம் அம்மாவின் வங்கிக் கணக்கில் 78,000 ரூபாய் விழுந்தது. குறுஞ்செய்தியை மூன்று தடவை படித்த பிறகுதான் நம்பினேன். மாடியில் சோலார் போடலாம் என்று முடிவெடுத்தது 2025 பொங்கல் சமயத்தில். மானியம் வந்தது ஆவணியில். இதில் தகடுகளை மாட்ட ஆனது இரண்டே நாள். மிச்சமெல்லாம் காகிதம்.

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024 பிப்ரவரியில் வந்தது, ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் கூடாது. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத 500 ஜிகாவாட் திறன் வேண்டும் என்று நாட்டுக்கே இலக்கு வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வீட்டு 3.3 கிலோவாட் அதில் கிட்டத்தட்ட பதினைந்து கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்கே இவ்வளவு அலைச்சல் என்றால் மிச்சத்துக்கு என்ன பாடோ.

எந்த அலுவலகம், எந்த வங்கி, எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. நாளைக்கு மறுபடியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். ஊரை மட்டும் சொல்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம். மாடியில் நின்றால் எந்தத் திசையில் பார்த்தாலும் காற்றாலைதான் தெரியும். தென்கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடகிழக்கே தூத்துக்குடி அனல்மின் நிலையம். இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடி, மூவாயிரத்துச் சொச்சம் கட்டிக்கொண்டிருந்தோம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்த்தட்டின் மலிவு விலையும் போய்விடும், அதுதான் உறுத்தல்.

இணையதளத்தில் பதிவு செய்வது சுலபம். இணைப்பு எண்ணைப் போட்டதும் திரையில் அப்பாவின் பெயர் வந்தது. அப்பா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

இத்தனை வருஷமும் அந்தப் பெயரில்தான் பணம் கட்டினோம். வாங்குகிறவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் மானியம் என்று வந்தால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம், அவர் வங்கிக் கணக்குக்குத்தான் பணம். சரி, பெயர் மாற்றம் செய்வோம் என்று பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். சீட்டில் இருந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, “பன்னெண்டு வருஷமா செத்தவருக்கா சார் கரண்ட் குடுத்துக்கிட்டு இருக்கோம்?” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். இவ்வளவுதான் பட்டியல். வீட்டு வரி அம்மா பெயரில் இருந்ததால் இணைப்பையும் அம்மா பெயருக்கே மாற்ற நினைத்தோம். வாரிசுச் சான்றிதழ் 2013-இலேயே வாங்கியது, டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. தங்கை ஓசூரில் இருக்கிறாள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினாள். “பத்திரத்தாள்ல வேணும் சார்” என்றார் சீட்டில் இருந்தவர். மறுபடி எழுதி, நோட்டரி முத்திரை வைத்து அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு போன அன்று அவர் விடுப்பு. பக்கத்து சீட்டில் இருந்தவர் வாங்கி வைக்கவும் மாட்டேன் என்றார். அடுத்த வாரம் போனால், வரி ரசீதில் பழைய கதவு எண், மின் அட்டையில் புது எண். பேரூராட்சி அலுவலகத்தில் இரண்டும் ஒரே வீடுதான் என்று எழுதி வாங்க இன்னும் ஒரு நாள். ஆக ஐந்து தடவை.

முதல் தடவை போகும்போதே, “என்னென்ன வேணும்னு இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க சார்” என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மூன்றாவது தடவைதான் அந்தப் புத்தி வந்தது. அவர் கையெழுத்தில் ஒரு துண்டுத்தாள் கையில் இருந்தால் அடுத்த முறை புதிதாக ஒன்று முளைக்காது.

பெயர் மாறியது பங்குனியில். ஆதார் அட்டையில் இருந்தபடியே அம்மா பெயர் ஏறியது. அதைச் சரிபார்க்காமல் விட்டேன். அந்தத் தப்பு பின்னால் வந்து கடித்தது, சொல்கிறேன்.

அடுத்தது லோடு, அதாவது ஒரு இணைப்புக்கு அனுமதித்த மின்சார அளவு. அப்பா காலத்து இணைப்பு, ஒரு கிலோவாட். 3 கிலோவாட் சோலார் போட வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட லோடும் அந்த அளவுக்கு வேண்டும். பத்து கிலோவாட் வரைக்கும் முன்கூட்டியே தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை, அதற்கு ஏற்ற லோடு உயர்வையும் விநியோக நிறுவனமே செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதை அச்செடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் பூசிக் கொண்டுபோய் நீட்டினேன். படித்துப் பார்த்தார். பிறகு ரொம்ப அமைதியாக, “இது டெல்லியில சார்” என்றார்.

உதவிப் பொறியாளரைப் பார்த்துப் பேசியிருக்கலாம். அவர் நல்ல மாதிரி என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெம்பில்லை. லோடு கூட்டத் தனியாக விண்ணப்பித்து, கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

விற்பனையாளர் விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் மற்றவர்களைவிட 40,000 குறைத்துச் சொன்னார். துருவிக் கேட்டதும் மானியத்தைக் கழித்துச் சொன்ன விலை என்று தெரிந்தது. மானியம் வந்தால்தானே கழிக்க முடியும்? முழுப் பணத்தையும் நாம் முதலில் கொடுத்தாக வேண்டும், மானியம் பிறகு நம் கணக்குக்கு வரும். இன்னொருவர் தகடு எந்த நாட்டுச் சரக்கு என்றே சொல்லவில்லை. தகடும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம். டி.சி.ஆர். என்று சொல்வார்கள், அந்த வார்த்தை விலைப்பட்டியலில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் சொல்வது உதவாது.

மூன்றாமவரிடம் கொடுத்தோம். 550 வாட் தகடு ஆறு, 2,05,000 ரூபாய். அவரிடமும் ஒரு சண்டை. தகடுகளைத் தாங்க அவர் காட்டிய கம்பிச்சட்டம் எங்கள் ஊருக்கு ஆகாது. வெறும் தளத்தில் போல்ட் முடுக்கி, ஒல்லிக் குழாயில் நிறுத்துகிற வேலை. “மதுரையில எல்லாருக்கும் இதுதான் சார் போடுறோம்” என்றார். மதுரையில் ஆடிக்காற்று இப்படி அடிக்காது. இங்கே இத்தனை காற்றாலைகளை எதற்கு நட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார் தெரியவில்லை. எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் அண்ணாச்சியைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவர் குழாயை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, “இது பறந்து போயி அடுத்த தெருவுல விழும், அவங்க வீட்டுக்குக் கரண்ட் குடுக்கும்” என்றார். கனமான குழாய், நான்கு காலுக்கும் கான்கிரீட் பீடம். 14,000 கூடுதல். ஆடியில் பின்வீட்டுத் தகரக் கொட்டகை கூரையோடு போனது. எங்கள் சட்டம் அசையவில்லை. இந்த மொத்த விவகாரத்தில் நான் ஜெயித்த ஒரே இடம் அதுதான்.

சித்திரை கடைசியில் வேலை முடிந்தது. மண்ணிணைப்புக் குழி மூன்று, இடிதாங்கி, இன்வெர்ட்டர் எல்லாம் சரியாக இருந்தன. ஆய்வும் ஒரே நாளில் முடிந்தது.

ஆனால் மீட்டர் இல்லை.

போகிற மின்சாரத்தையும் வருகிற மின்சாரத்தையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர் வந்தால்தான் சுவிட்சைப் போட முடியும். “ஸ்டாக் இல்ல சார், வந்ததும் சொல்றோம்.” அக்கினி நட்சத்திர வெயில். தலைக்கு மேல் ஆறு தகடு பளபளவென்று சும்மா கிடக்கிறது, கீழே நான் ஏசியைப் போட்டுக்கொண்டு பில் கட்டுகிறேன். ஆறு வாரம்! தகடு மாட்ட வந்த பையன், “ஆன் பண்ணிருங்க சார், யாரு பாக்கப் போறா” என்றான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விதிப்படி தவறு என்பது ஒரு பக்கம். பழைய மின்னணு மீட்டர்களில் சில, மின்சாரம் எந்தப் பக்கம் போனாலும் கூட்டித்தான் காட்டும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அப்படி ஆன் செய்து, தான் வெளியே அனுப்பிய மின்சாரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டினார்.

ஆனி பிறந்த பிறகு மீட்டர் வந்தது. நான் வாராவாரம் போய்த் தலையைக் காட்டியதாலா, தானாகவே வந்ததா, சொல்லத் தெரியாது. மாட்டிய அன்று மாலையே ஊரில் கரண்ட் போனது. “நம்ம வீட்டுலதான் சோலார் இருக்கே, ஏன் ஃபேன் நிக்குது?” என்றார் அம்மா. பேட்டரி இல்லாத அமைப்பில் வெளியே மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு நம் வீட்டுக் கரண்ட் அடிக்கும். விற்கிறவர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. நானும் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. “இம்புட்டுப் பணத்தக் குடுத்து இதுக்கா?” என்று இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த ‘ள்’. மானியத்துக்காக வங்கிக் கணக்கைப் பதிந்தால் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. வங்கிப் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ‘அம்மாள்’ என்று முடிகிறது. ஆதாரில் ‘அம்மா’. ஆதாரைப் பார்த்து ஏற்றியதால் மின் இணைப்பிலும் ‘அம்மா’. எந்த முகாமில் எந்தப் பையன் அவசரத்தில் தட்டச்சு செய்தானோ, ஒரு எழுத்து விழுந்துவிட்டது. இப்போது ஆதாரைத் திருத்தினால் மின் இணைப்பின் பெயரையும் மறுபடி மாற்ற வேண்டும். வங்கிப் பெயரைத் திருத்தினால் ஒரே வேலை. வங்கிக்குப் போனேன். கணக்குக்காரர் நேரில் வர வேண்டும் என்றார்கள்.

அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. ஆட்டோவில் கூட்டிப்போனேன். பதினொரு மணிக்கு சர்வர் வேலை செய்யவில்லை. மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். வங்கிக்கு எதிரே ஓட்டலில் காபி குடித்துக் காத்திருந்தோம். “எய்யா, நான் பொறந்ததுலருந்து அம்மாள்தான். ஒங்க அப்பா ரேசன் கார்டுல எழுதுனதும் அதுதான். இப்ப அத எடுத்தாத்தான் ரூவா வருமா?” என்றார். ஆமாம் என்றேன். மூன்று மணிக்கு விரல் ரேகை விழவில்லை. அரிசி புடைத்துத் தேய்ந்த விரல்கள். ஏழாவது முயற்சியில் நடுவிரல் விழுந்தது. புத்தகத்தில் பெயர் மாற மேலும் இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரத்துக்குள், ஜூலை நடுவில், நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி இப்போது நிலக்கரி போன்ற எரிபொருள் சாராதது, ஐந்து வருஷம் முன்கூட்டியே எட்டிவிட்டோம் என்று செய்தி வந்தது. சந்தோஷம்தான். நிறுவுதிறனில் பாதி என்பது வேறு, ஓடுகிற மின்சாரத்தில் பாதி என்பது வேறு. ராத்திரி எட்டு மணிக்கு விசிறியைச் சுற்றவைப்பது இன்னமும் பெரும்பாலும் நிலக்கரிதான். தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடும்போது நான் இணையதளத்தில் ‘நிலுவை’ என்ற வார்த்தையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதல் பில்லிலும் ஒரு கூத்து. கணக்கெடுக்க வந்தவர் நாங்கள் வெளியிலிருந்து எடுத்த 412 யூனிட்டை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அனுப்பிய 355-ஐக் கழிக்கவில்லை. நல்லவேளையாக மீட்டர் திரையை நான் வரிசையாகப் படம் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள், தேதியோடு. இந்தத் தடவை நேராக உதவிப் பொறியாளரிடம் போனேன். ஐந்தே நிமிஷம், திருத்திக் கொடுத்தார். 57 யூனிட். அப்போது நூறு வரைக்கும் எப்படியும் இலவசம். வந்த தொகை, பழைய மூவாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வருகிற தொகை. அந்த மஞ்சள் பூசிய தாளோடும் முதலிலேயே இவரிடம் வந்திருக்க வேண்டும்.

மானியம் வந்த அன்று தங்கைக்குப் போன் செய்தேன். அவளும் ஓசூர் வீட்டு மாடியில் போடப்போகிறாளாம், எந்தக் கம்பெனித் தகடு நல்லது என்று கேட்டாள். அதெல்லாம் அப்புறம், கரண்ட் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார் என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பழைய பில்லைத் தேடி எடுத்து வந்தாள்.

“அண்ணே, இது எங்களுக்கு வீட்ட வித்தவரு பேர்ல இருக்கு. அவரு இப்போ எங்க இருக்காருன்னே தெரியலையே.”