மூக்கை நம்பாதீங்க

கடலூர் சிப்காட்டில் இன்று தொட்டிக்குள் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். காற்றில் எந்த வாயு எவ்வளவு என்று காட்டும் கேஸ் மீட்டரின் குழாயைத் தொட்டிக்குள் மேலே, நடுவே, அடியில் என்று விட்டுப் பார்க்க வைத்தேன். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்கவே கூடாது.

"நாத்தம் வந்தா தெரிஞ்சிடுமே சார்" என்றார் ஒரு அண்ணன். சிக்கலே அங்கேதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம், வாயு அப்படியே இருக்கும். காற்றைவிடக் கனம் வேறு, அடியில்தான் தங்கும்.

மயங்கியவரைத் தூக்கக் குதிப்பவரும் சாகிறார். வெளியே நிற்பவர் வின்ச்சில்தான், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவியில்தான் இழுக்கணும்.

"என் தம்பியா இருந்தாலுமா?"

ஆமாம்ணே.

நாளைக்கு மணல் மூட்டையை இழுத்துப் பழக வேண்டும். என்னை உள்ளே இறக்கி இழுத்துப் பார்க்கலாமே என்கிறார்கள், குசும்பு!