அடி, போகட்டும்

"அண்ணா, நிஜமாவே அடிச்சிடவா?"

என்டர் மேல் விரலை வைத்துக்கொண்டு புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். டிஸ்க்கை ஃபெயில் செய்யும் கட்டளை. அடி என்றேன்.

போனது லேப்டாப்புக்குள், விஎம்வேர் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஓடும் சிமுலேட்டரின் பொய் டிஸ்க்தான் (நெட்ஆப் ஸ்டோரேஜ் பெட்டிகளின் இயங்குதளமான ஆன்டாப்பைப் பழகுவதற்கான சிமுலேட்டர்), ஆனால் ஸ்பேர், அதாவது மாற்று டிஸ்க், ஒன்று தானாக உள்ளே வந்து, போன டேட்டாவைத் திரும்பக் கட்டும் ரீகன்ஸ்ட்ரக்ஷன் சதவீதம் ஏற ஏற அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டிஸ்க்குகளைக் குழுவாக்கி டேட்டாவைக் காக்கும் ரெய்டு-டிபி முறையில், போனதைக் கணக்கிட்டு மீட்க உதவும் பாரிட்டி டிஸ்க் இரண்டு. அதனால் ஒரே குழுவில் இரண்டு போனாலும் டேட்டா நிற்கும், அவை மீள்வதற்குள் மூன்றாவதும் போனால் கதை முடிந்தது. இதைப் பாடமாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சொந்தக் கையால் ஒன்றைக் கொன்று பார்த்தவனுக்குத்தான் "ஸ்பேர் எத்தனை மிச்சம்?" என்று கேட்கத் தோன்றும். நிஜப் பெட்டியில், வாடிக்கையாளர் டேட்டா மேல், யார் இதற்கெல்லாம் விடுவார்கள்?

நிறுவப் போகிறவர்களுக்கு: இதில் சிஸ்டத்தின் சொந்தக் கோப்புகள் இருக்கும் வால்யூம் ஜீரோ ரொம்பச் சின்னது, லாக்கும் ஸ்னாப்ஷாட்டும் சீக்கிரம் நிரப்பிவிடும், முதல் நாளே அது உட்கார்ந்திருக்கும் டிஸ்க் தொகுப்பான அக்ரிகேட்டில் டிஸ்க் சேர்த்துப் பெரிதாக்கிவிடுங்கள். இரண்டாவது நோடு (இன்னொரு சிமுலேட்டர் பெட்டி) வேண்டுமென்றால் அதன் முதல் பூட்டிலேயே, ஆன்டாப் ஏறுவதற்கு முன் வரும் லோடரில் நிறுத்தி சீரியல் எண்ணையும் சிஸ்டம் ஐடியையும் மாற்றணும். நெட்வொர்க் வழியே ஸ்டோரேஜைத் தரும் என்எஃப்எஸ், ஐஸ்கஸி எல்லாம் பழகலாம். ஸ்டோரேஜுக்கென்றே தனி நெட்வொர்க்கான ஃபைபர் சேனல் கிடையாது, ஒரு நோடு விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் ஹெச்ஏ ஃபெயிலோவரும் கிடையாது.

அப்புறம், தயவுசெய்து இதில் வேகத்தை அளந்து மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்பாதீர்கள். உங்கள் லேப்டாப்பின் வேகம்தான் அதில் தெரியும்.