பீஸ் கட்டுவது யார்?

இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த சிலர் சேர்ந்து, உயர்தரம் (12, 13ஆம் வகுப்பு) படிக்கிற பிள்ளைகளுக்கு மாதம் 3000 ரூபாய் கொடுத்து வருகிறோம். எட்டுப் பேருக்குத்தான் காசு இருக்கிறது. முதல் விண்ணப்பப் படிவத்தை எழுதியது நான். "அரசாங்கப் பாடசாலை மாணவர்கள் மட்டும்" என்ற வரியும் என்னுடையதுதான். பீஸ் கட்டிப் படிக்கிற வீட்டுக்கு நம் காசு எதற்கு என்று அப்போது நினைத்தேன். அந்த வரி தப்பு.

சிலர் கேட்டுக்கொண்டதால் 2025 தொடக்கத்தில் எல்லோரையும் விண்ணப்பிக்கச் சொன்னோம். ஹட்டனில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஒரு பிள்ளை டவுனில் தனியார் பாடசாலையில் படிக்கிறாள். அப்பா இல்லை. அம்மா டிக்கோயா பக்கம் கொழுந்து எடுக்கிறார். அப்போது நாட்சம்பளம் 1350 ரூபாய். சேமலாப நிதி, கடன், கோயில் காசு எல்லாம் வெட்டியது போகக் கைக்கு வந்தது இருபதாயிரம் சொச்சம். சம்பளச் சீட்டிலேயே இருந்தது. இத்தனை வருஷமும் பீஸ் கட்டியவர் கட்டாரில் வாகனம் ஓட்டிய மாமா. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்க ஆள் இல்லை என்று அவர்தான் அவளை டவுனில் சேர்த்திருக்கிறார். இப்போது அவருக்கு வேலை இல்லை. என் பழைய வரிப்படி, அவள் அந்தப் பாடசாலையை விட்டு விலகினால் உதவி உண்டு. விலகாமல் இருப்பதற்காகக் கேட்டால் கிடையாது.

இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று படித்திருக்கிறோம். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். அந்தப் பின்தங்கல் இன்னும் தீரவில்லை. கடன்பட்டாவது டவுனுக்கு அனுப்புகிற வீட்டை வசதியான வீடு என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் இன்னொரு விண்ணப்பம். அப்பாவுக்குச் சொந்தக் கடை, ஒரு லொறியும் ஓடுகிறது. கிராம சேவகர் கடிதத்தில் வருமானம் 60,000 என்று இருந்தது. அதில் இரண்டு பிள்ளைகளின் பீஸ், ஸ்கூல் வேன், டியூஷன் எல்லாவற்றையும் கழித்து, மிச்சம் 2000 என்று காட்டியிருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பீஸ் கட்டுவது உண்மைதான். ஆனால் அது அவர் கையில் இருந்த காசை அவர் விரும்பிச் செலவழித்தது. அதைக் கழித்துவிட்டு, கொழுந்து எடுக்கிற வீட்டோடு ஒரே வரிசையில் நிற்க முடியாது. அதுவும், கொழுந்து எடுக்கிறவரின் வருமானம் சதக் கணக்கு வரை சீட்டில் தெரிகிறது. கடைக்காரரின் வருமானம் அவரே சொல்கிற தொகைதான்.

என் நிலைப்பாடு இதுதான்: பீஸ் கட்டுகிறார்கள் என்பதற்காகத் தள்ளவும் கூடாது, கட்டிய பீஸை வருமானத்தில் கழிக்கவும் கூடாது. வேறு யாரோ கட்டினால் அதை அம்மாவின் வருமானமாக எண்ணவும் கூடாது. இதைச் சொல்லப்போய் அன்றைக்கு இரண்டு மணிநேரம் வாக்குவாதம். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். புதிய படிவத்தில் "பீஸ் கட்டுவது யார், இந்த வருஷமும் கட்டுவாரா" என்று கேட்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு எட்டாவது இடம் கிடைத்தது. ஒன்பதாவதாக நின்றவன் அரசாங்கப் பாடசாலைப் பையன். அவனுடைய அம்மாவும் கொழுந்துதான் எடுக்கிறார். அவனுக்காக மாதம் 3000 தரக்கூடிய ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.