429,49,67,297

எனக்கு மிகவும் பிடித்த எண் இது. 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை வர்க்கம் ஆக்கினால் 4, பிறகு 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இப்படியே போனால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று 1640 வாக்கில் பெர்மா நம்பினார். பிரான்சின் துலூஸ் நகரில் நீதித்துறைப் பணியில் இருந்துகொண்டே கணிதத்தில் மூழ்கியவர்.

அடுத்து வருவதுதான் 4294967297. 1732-இல் கணித மேதை ஆய்லர் இதை உடைத்தார்: 641 × 6700417.

641 எப்படிச் சிக்கியது? இந்த எண்ணைப் பகா எண் ஒன்று வகுத்தால், அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். ஆய்லரே பின்னாளில் இதை நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! பெர்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

வகுத்துப் பார்க்காமலே நிறுவவும் வழி உண்டு, அதன் அழகுக்காகவே இதை எழுதுகிறேன். 641 = 5×2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம்கூட. ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. அதில் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்றாகிறது. எனவே 2³² + 1, அதாவது நம் 4294967297, 641-ஆல் மீதியின்றி வகுபடும். அவ்வளவுதான், ஒரு தாளில் கால் பக்கம்கூட வராது.

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்றும் யாரும் நிறுவவில்லை.