கல் முகம் காட்டும் நேரம்: நான்கு கட்டங்களில் ஒரு நடைபாதை

வாசலிலிருந்து பின்பக்கத் தோட்டத்துக்குப் போக 6 மீட்டர் நீளத்தில் ஒரு சிமென்ட் பாதை இருந்தது. நான்கைந்து இடங்களில் வெடித்து, ஓரங்கள் உதிர்ந்து, மழை பெய்தால் நடுவில் குட்டையாகத் தேங்கும். மேலே ஒரு பூச்சுப் பூசிச் சரிக்கட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பூச்சு எத்தனை மாதம் தாங்கும் என்று யோசித்ததும், உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல் என்று பட்டது. போடுவதுதான் போடுகிறோம், கல் வெளியே தெரியும் கான்கிரீட்டாகப் போட்டால் என்ன என்ற ஆசை அங்கேதான் முளைத்தது.

இதன் சூத்திரம் கேட்க எளிது. கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் செய்து, அது முழுதும் இறுகும் முன் மேலே படிந்த சிமென்ட் பாலை மட்டும் கழுவி எடுத்துவிட வேண்டும். கல் முகம் காட்டும். நிறமும் கல்லுடையது, சொரசொரப்பும் கல்லுடையது. தேய்ந்து போவதற்கு மேலே சாயமோ பூச்சோ கிடையாது. சிக்கல் முழுக்க ‘இறுகும் முன்’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. இரண்டு மாதம் நான் பட்ட பாடு அதற்குள் அடங்கிவிடும்.

பழைய பாதையை உடைக்க இரண்டு நாள் ஆனது. அந்தத் துண்டுகளைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. சம்மட்டியால் எலுமிச்சை அளவுக்கு நொறுக்கி, அதையே புதுப் பாதைக்கு அடித்தளமாகப் போட்டேன். 175 மில்லிமீட்டர் ஆழம் தோண்டி, 100 மில்லிமீட்டருக்கு உடைசல், இரண்டு அடுக்காக, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினேன். மேலே 75 மில்லிமீட்டர் கான்கிரீட். வண்டி ஏறுவதாக இருந்தால் 100 மில்லிமீட்டராவது வேண்டும். இது மனிதர்கள் நடக்கும் பாதை, போதும். அகலம் 1.2 மீட்டர். நீளத்தை ஒன்றரை மீட்டர் வீதம் நான்கு கட்டமாகப் பிரித்துப் பலகை அடைத்தேன். ஒரே ஆளாக ஒரு நாளில் கலக்கவும் கழுவவும் முடிந்த அளவு அது. இணைப்புகளுக்கு இடையிலான தூரம் கனத்தைப் போல் 24 முதல் 30 மடங்குக்குள் இருந்தால் விரிசல் இணைப்போடு நின்றுவிடும் என்பது பொது விதி. அதற்கும் இது உட்பட்டது. பக்கவாட்டில் 50-க்கு 1 சரிவு, அதாவது ஒரு ஓரம் மற்றதைவிட 24 மில்லிமீட்டர் தாழ்வு. ரசமட்டத்தின் கீழ் ஒரு மரத்துண்டை வைத்துப் பிடித்தது இதற்காகத்தான்.

கல் தேடியதில் சில நாள் போயிற்று. உருண்டைக் கூழாங்கல் கண்ணுக்கு அழகு. ஆனால் ஆற்றிலிருந்து அள்ளியது. தவிர வழவழப்பான கூழாங்கல் நனைந்தால் காலை வாரும். கடைசியில் கல் அறுக்கும் பட்டறையில் ஒதுக்கிப் போட்ட கிரானைட் சில்லுகளை எடுத்துவந்தேன். சிவப்பு, கறுப்பு, அங்கங்கே வெள்ளை. 12 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து 8-இல் நின்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். தட்டையான சில்லுகள் படுத்துக்கொள்ளும். பிடிமானம் இல்லாமல் பிறகு பெயரும். அவற்றைக் கையால் பொறுக்கி எறிந்த மூன்று மாலைகளை நினைத்தால் இன்னும் கழுத்து வலிக்கிறது. கல்லில் ஒட்டியிருந்த அறுவைத் தூளை நான்கு தடவை அலசினேன். தூள் இருந்தால் சிமென்ட் கல்லைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும்.

சில்லைக் கலவை முழுவதும் சேர்க்கவில்லை. சாதாரண ஜல்லியில் கான்கிரீட் போட்டு, மேலே மட்டும் தூவிப் பதிப்பது என்று முடிவு செய்தேன். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோ போதும்.

பாதையில் கை வைக்கும் முன் 30-க்கு 30 சென்டிமீட்டரில் மூன்று மாதிரிப் பலகைகள் வார்த்தேன். முதலாவதை இரண்டரை மணி நேரத்தில் கழுவினேன். தண்ணீர் பட்டதும் பாலோடு கல்லும் சேர்ந்து வந்தது. பாத்திரத்தில் ஊறிய அழுக்கைப் போல விரலாலேயே பெயர்ந்தது. இரண்டாவதை எட்டு மணி நேரம் விட்டேன். நைலான் பிரஷ் தோற்றது, கம்பிப் பிரஷ்ஷை எடுத்தேன். கல்லின் முகத்தில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். உதிர்ந்த கம்பித் துணுக்குகள் ஒரு வாரத்தில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகிவிட்டன. மூன்றாவதில் சர்க்கரைக் கரைசலைத் தெளித்தேன். சர்க்கரை சிமென்டின் இறுகலைத் தடுக்கும் என்பது உண்மை. மறுநாள் காலை பால் எளிதாகக் கழன்றது. ஆனால் கரைசல் தேங்கிய இடங்களில் ஆழமாக அரித்து, அம்மைத் தழும்பு போல் குழிகள். பாதைக்கு இது உதவாது என்று, மேற்பரப்பில் தெளிக்கவென்றே விற்கும் ரிடார்டரை, அதாவது இறுகலைத் தாமதப்படுத்தும் திரவத்தை, வாங்கினேன். எத்தனை மில்லிமீட்டர் ஆழம் வரை இறுகாமல் வைக்கும் என்று தரம் பிரித்தே கிடைக்கிறது. கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே தெரியக் கூடாது என்பதால் குறைந்த ஆழத்துக்கானதையே எடுத்தேன்.

இந்த வேலையில் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் ஜான் ஏர்லி. வாஷிங்டனில் மெரிடியன் ஹில் பூங்காவின் சுவர்களை 1910-களில் கட்டத் தொடங்கியபோது, கலவை முற்றும் முன்பே பலகையைப் பிரித்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கூழாங்கல்லை வெளிக்கொணர்ந்தவர். நான் எட்டு மணி நேரம் கழித்துச் செய்ததை அவர் சரியான நேரத்தில் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் கட்டம். கசடு கலந்த சிமென்ட் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) 45 கிலோ, தண்ணீர் 21 லிட்டர். தண்ணீர் கொஞ்சம் கூடினால் கலக்கச் சுகம். மேற்பரப்பு வலுவிழக்கும், கல்லும் மூழ்கும். மட்டக்கோலால் இழுத்து, மேலே கசிந்து நின்ற தண்ணீர் மறையும் வரை காத்திருந்தேன். பிறகு ஈரமான சில்லுகளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, மணியாசுக்கட்டையால் தட்டித் தட்டி அமுக்கினேன். ஒவ்வொரு கல்லின் தலையையும் பால் மூட வேண்டும். அழகாகத் தூவிய நிறங்களை நானே என் கையால் சாம்பல் நிறத்துக்குள் புதைப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ரிடார்டரைத் தெளித்து, பிளாஸ்டிக் தாளால் மூடினேன்.

பாக்கெட்டில் 12 முதல் 24 மணி நேரம் என்று போட்டிருந்தது. எப்போது கழுவலாம் என்று பழகிய கொத்தனார் ஒருவரிடம் கேட்டேன். “கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் தம்பி. ஓரத்தில் ஒரு கல்லைக் கட்டைவிரலால் நெம்பிப் பாருங்கள். பால் வழியவேண்டும், கல் அசையக் கூடாது” என்றார். மறுநாள் காலை 14-ஆவது மணி நேரத்தில் நெம்பினேன். கல் லேசாக ஆடியது. 16-இல் ஆடவில்லை.

மூலையில் பிரஷ்ஷை வைத்து, தண்ணீரை விசிறியாக விட்டேன். முதலில் சாம்பல் நிறச் சேறு. இரண்டாவது இழுப்பில் கறுப்பாக ஒரு முனை, பக்கத்தில் சிவப்பாக ஒன்று. பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றச் சுழற்ற, விடிகிற வானத்தில் நட்சத்திரம் மறைவதற்கு நேர்மாறாக, ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒரு கை அகலம் தெளிந்ததும் நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மீதியைக் கழுவி முடிக்க ஒன்றேகால் மணி நேரம்.

அப்படி ரசித்து உட்கார்ந்ததற்கு மாலையில் தண்டம் கட்டினேன். மண்டியிட்டிருந்தபோது முட்டி இரண்டும் சிமென்ட் தண்ணீரில் ஊறியிருக்கிறது. உடனே எரியாது, அதுதான் இதன் சூழ்ச்சி. இரவில் தோல் சிவந்து, மறுநாள் ஒரு முட்டியில் கொப்புளம். சிமென்ட் கரைந்த நீரின் காரத்தன்மை pH அளவில் 12-க்கு மேல். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்ட புத்திசாலி முட்டியை மறந்துவிட்டேன். அடுத்த கட்டங்களில் ரப்பர் பாய் விரித்துக்கொண்டேன். கால்சட்டை நனைந்தால் அந்தக் கணமே கழற்றி அலசினேன்.

அதே தண்ணீரைச் சாக்கடையிலோ செடியிலோ விட்டால் என் முட்டிக்கு ஆனதுதான் அங்கும் ஆகும். தாழ்வான ஓரத்தில் ஒரு குழி வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து, கழுவிய நீரெல்லாம் அதில் சேரும்படி செய்திருந்தேன். மறுநாள் மேலே தெளிந்த நீர், அடியில் களி. தெளிந்ததை அடுத்த கட்டத்தின் கலவைக்கே எடுத்துக்கொண்டேன். கான்கிரீட் ஆலைகளிலும் இந்த வழக்கம் உண்டு. களி காய்ந்து ஓடாக இறுகியதும் உடைத்து அடித்தளத்தில் சேர்த்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால், நட்சத்திரங்களைவிட இந்தக் குழியைத்தான் சொல்வேன்.

கசடு சிமென்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு உலையில் மிஞ்சும் கசடை அரைத்துக் கலந்தது. நான் வாங்கியதில் பாதி கசடு. ஒரு டன் சாதாரண சிமென்ட் தயாரிப்பதில் ஏறக்குறைய 800 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது; சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே பெரும்பகுதி வந்துவிடுவதால், எரிபொருளை மாற்றினாலும் முழுதும் குறையாது. நான்கு கட்டத்துக்கும் 180 கிலோ. அதில் 90 கிலோ கசடு. என் கணக்குப்படி 70 கிலோ வாயு மிச்சம். பெரிய தொகை இல்லை, தெரியும். ஆனால் அதற்கு விலையாக என் தூக்கத்தைக் கேட்டது. இரண்டாவதாகப் போட்ட கட்டத்தன்று வெயில் இல்லை, காற்று குளிர்ந்திருந்தது. கசடு இயல்பிலேயே மெதுவாக இறுகும். குளிர் சேர்ந்தால் இன்னும் மந்தம். 16 மணி நேரத்தில் தைரியமாகப் பிரஷ்ஷை வைத்தேன். ஓரத்தில் 20, 25 கற்கள் கையோடு வந்துவிட்டன. மூடிவிட்டுக் காத்திருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்க் கட்டைவிரல் வைத்தேன். 23-ஆவது மணி நேரத்தில்தான் கல் பிடித்தது. பெயர்ந்தவற்றைக் கெட்டியான சிமென்ட் பசையில் தோய்த்துக் குழியிலேயே திரும்ப வைத்தேன். தெரிந்து பார்த்தால் ஒட்டுத் தெரியும்.

மூன்றும் நான்கும் வம்பில்லாமல் முடிந்தன, எழுத ஒன்றுமில்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் ஈரச் சாக்கால் மூடிப் பத்து நாள் காயாமல் வைத்திருந்தேன். சாதாரண சிமென்டுக்கு ஏழு நாள் போதும் என்பார்கள். கசடுக்கு நிதானம் கூடுதலாக வேண்டும். சாக்கை எடுத்தபோது முகம் வாடிவிட்டது. கல்லின் மேலெல்லாம் வெண்மையான படலம், நிறங்கள் சுண்ணாம்பு அடித்தாற்போல். இதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பத்துப் பங்குக்கும் மேலான தண்ணீரில் கரைத்துக் கழுவுவது வழக்கம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. நல்ல வேளையாக மூன்றாம் மாதிரிப் பலகையில் முதலில் முயன்றேன். வெள்ளைச் சில்லுகள் பொங்கி நுரைத்தன. கிரானைட் என்று நான் நினைத்திருந்த அந்த வெள்ளை, பளிங்கு! பட்டறைக் குவியலில் கலந்து வந்திருக்கிறது. அமிலம் பட்டால் அது கரைந்து குழியாகும். பாட்டிலை மூடி வைத்துவிட்டு, வெறும் தண்ணீரும் பிரஷ்ஷுமாக இரண்டு சனிக்கிழமை தேய்த்தேன். படலம் முக்கால்வாசி போயிற்று. மீதியை மழை பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசிக் கட்டத்துக்கு 28 நாள் ஆனதும் சீலர் அடித்தேன். நனைந்தது போலப் பளபளக்கும் அக்ரிலிக் வகை ஆசை காட்டியது; ஆனால் அது மேலே படலமாக நிற்கும், நனைந்தால் வழுக்கும், ஆண்டுகள் போனால் உரியும். உள்ளே ஊறி நீரை மட்டும் தடுக்கும் சிலேன் வகையை அடித்தேன். பளபளப்பு இல்லை. இருக்கட்டும்.

இன்றைய நிலவரம்: இரண்டு பெருமழை பார்த்தாயிற்று, தண்ணீர் தேங்கவில்லை. நான்கு கட்டத்திலும் சேர்த்து 11 கற்கள் பெயர்ந்திருக்கின்றன. ஒன்பது அந்தக் குளிர்ந்த நாள் கட்டத்தில். வாசல் படி ஒன்று பாக்கி. அதன் நிற்கும் முகத்தில் கல்லைத் தூவ முடியாது. பலகையின் உட்புறத்தில் ரிடார்டரைப் பூசி, சில்லு கலந்த கான்கிரீட்டை நிரப்பி, பலகையைப் பிரித்தபின் கழுவ வேண்டும். எத்தனை மணி நேரத்தில் பிரிப்பது என்று பார்க்க, 30 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றை நேற்றுத்தான் அடித்து முடித்தேன்.