ஸ்பின்லாக் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கேட் தேர்வுக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலைக்கான நேர்காணல்களுக்கும் ஒருசேரத் தயாரான நாட்களில், மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து மதுரை நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாலைவரை அமர்ந்து படிப்பேன். பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடுவதற்கான பூட்டு கிடைக்கும்வரை லூப்பில் சுற்றிக் காத்திருப்பதுதான் ஸ்பின்லாக் என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். பூட்டை எடுக்கும்போது பிரீஎம்ப்ஷனை (ஓடும் வேலையை இடையில் விலக்கி வேறொன்றை ஏற்றுவதை) ஏன் நிறுத்துகிறார்கள், இன்டரப்டையும் (சாதனம் அனுப்பும் குறுக்கீட்டையும்) எப்போது நிறுத்த வேண்டும் என்பதில்தான் பலரும் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன்.

ஒரு நேர்காணலில், சாதனத்தை இயக்கும் டிரைவரின் சாதாரணக் கோடும் (code), இன்டரப்ட் வந்ததும் ஓடும் அதன் ஹேண்ட்லரும் ஒரே பூட்டை எடுத்தால் வெறும் ஸ்பின்லாக் போதுமா என்று கேட்டார்கள். பூட்டு விடுபடும்வரை ஹேண்ட்லர் காத்திருக்கும், ஆகவே போதும் என்றேன். "எந்தக் கோரில் காத்திருக்கும்?" என்று, பிராசசரில் தனித்து இயங்கும் அலகான கோரைக் குறித்துக் கேட்டார் எதிரிலிருந்தவர். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் நூலகத்தில் நோட்டுப் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் கோர் 0, வலப்பக்கம் கோர் 1 என்று எழுதி, நடப்பதை வரிவரியாக நிரப்பினேன். கோர் 0-இல் ஓடும் கோடு பூட்டை எடுக்கிறது. அதே கோரில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் அதே பூட்டுக்காகச் சுற்றத் தொடங்குகிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் பழைய கோடு ஓடும், பழைய கோடு ஓடினால்தான் பூட்டு திறக்கும். அந்தக் கோர் அங்கேயே நின்றுவிடுகிறது. இன்டரப்ட் கோர் 1-இல் வந்திருந்தால், கோர் 0 தன் வேலையை முடித்துப் பூட்டை விட்டிருக்கும். ஹேண்ட்லர் சற்று நேரம் மட்டுமே சுற்றியிருக்கும். ஆகவே பூட்டை எடுக்கும் கோரில் மட்டும் இன்டரப்டை நிறுத்தினால் போதும். எல்லாக் கோர்களிலும் நிறுத்த வேண்டும் என்று எழுதுவது தேர்வுகளில் அடிக்கடி நேரும் பிழை.

பிரீஎம்ப்ஷனுக்கும் இதே படம் பொருந்தும். பூட்டை வைத்திருக்கும் த்ரெட்டை விலக்கிவிட்டு, அதைவிட முன்னுரிமை கூடிய ரியல்டைம் (உரிய நேரத்துக்குள் முடிய வேண்டிய) த்ரெட் அதே கோரில் ஏறி அதே பூட்டைக் கேட்டால், முன்னதற்குத் திரும்ப முறை கிடைப்பதே இல்லாமல் போகலாம். அதனால்தான் லினக்ஸின் ஸ்பின் லாக், பூட்டைத் தொடுவதற்கு முன்பே பிரீஎம்ப்ஷனை நிறுத்துகிறது. இன்டரப்டை அது தொடுவதில்லை. பூட்டை வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது என்ற விதிக்கும் காரணம் இதுவே.

இன்டரப்டையும் சேர்த்து நிறுத்தும் ஸ்பின் லாக் ஐஆர்கியூ, ஸ்பின் லாக் ஐஆர்கியூ சேவ் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைப் பொறுமையாகப் படியுங்கள். முதலாவதின் இணையான அன்லாக், இன்டரப்டை எப்படியும் இயக்கிவிடும். நம்மை அழைத்தவர் ஏற்கெனவே அதை நிறுத்தி வைத்திருந்தால், அவருடைய பாதுகாப்பை நாமே கலைத்தவர்களாவோம். சேவ் வடிவம் முந்தைய நிலையைக் குறித்து வைத்து, அதையே மீட்கிறது. கற்பிப்பதற்காக எழுதப்பட்ட எம்ஐடியின் எக்ஸ்வி6 கெர்னலில் இதற்கென ஒரு எண்ணிக்கையே வைத்திருக்கிறார்கள்: பூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக எடுக்கப்பட்டிருந்தால், கடைசிப் பூட்டு விடுபடும்போதுதான் இன்டரப்ட் பழைய நிலைக்குத் திரும்பும். சில வரிகளே உள்ள அந்தக் கோடு எனக்குப் பல நாள் வாசிப்பைவிடத் தெளிவு தந்தது.

ஒரு கோர் மட்டுமே உள்ள கணினிக்காக, பிரீஎம்ப்ஷன் இல்லாமல் லினக்ஸைக் கம்பைல் செய்தால், ஸ்பின் லாக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் மறைந்துவிடும். இன்டரப்டை நிறுத்தாமல் பூட்டை எடுக்கும் பிழை அங்கே கோரை நிறுத்தாது. ஹேண்ட்லர் நேராக உள்ளே புகுந்து தரவைக் கெடுக்கும். 2024-இல் வெளியான 6.12 பதிப்பு முதல் முதன்மைக் கெர்னலிலேயே தேர்ந்தெடுக்கக்கூடிய ஆர்டி (ரியல்டைம்) முறையில் சாதாரண ஸ்பின்லாக் உறங்கக்கூடிய பூட்டாக மாறுகிறது; அங்கே உண்மையில் சுற்றுவது ரா ஸ்பின்லாக் மட்டுமே.

நீங்களாகவே டிரைவர் எழுதிப் பழகுவதாக இருந்தால், கெர்னலில் பூட்டுகள் எடுக்கப்படும் விதத்தைக் கண்காணிக்கும் லாக்டெப் வசதியை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஹேண்ட்லருக்குள் எடுக்கப்படும் பூட்டு, வேறோர் இடத்தில் இன்டரப்ட் திறந்திருக்கும்போதும் எடுக்கப்படுவதை அது கண்டால், அன்றைய ஓட்டத்தில் கணினி ஒருமுறைகூட நிற்காவிட்டாலும், அந்த இரண்டு இடங்களையும் கெர்னலின் செய்திப் பதிவில் காட்டிவிடும்.