1003

மார்ச் 3
லினக்ஸ் சர்வர் இன்று முதல் என் பொறுப்பு. நிர்வாகி உரிமையோடு கட்டளையிட உதவும் சுடோ வேலை செய்கிறது. தூக்கம் வரவில்லை.

மார்ச் 4
ஃபைல் அனுமதிகள் எண்களில்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று ஆளுக்கு ஓர் இலக்கம், அதில் இவற்றின் கூட்டல். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழு படிக்க மட்டும். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இது சட்டென்று பிடிபட்டது. ஃபோல்டர்தான் படுத்துகிறது. அங்கே அந்த 1 உள்ளே நுழைவதற்கான அனுமதி. ஃபைலை அழிக்க அந்த ஃபைல் மேல் எந்த உரிமையும் வேண்டாம். அது கிடக்கும் ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் முடிந்தால் போதும். சோதனைக்காக 444 போட்ட, அதாவது படிக்க மட்டுமே முடிகிற, ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கின் ஃபைலை என் ஃபோல்டரில் வைத்து, சாதாரணக் கணக்கிலிருந்து அழித்தேன். ஒருமுறை கேட்டது, ஒய் என்றேன், போயே போய்விட்டது. திக்கென்றது. எல்லோரும் எழுதும் டெம்ப் ஃபோல்டர் ஏன் 1777 என்று இப்போது புரிகிறது. முன்னால் நிற்கும் அந்த 1 இல்லாவிட்டால் யாரும் யாருடையதையும் அழிக்கலாம்.

மார்ச் 5
சில ஃபைல்களில் உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் 1003. யார் இது?

மார்ச் 6
777 போட்டு எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடு, எல்லாம் சரியாகும் என்கிறார்கள். போடமாட்டேன்.

மார்ச் 7
லினக்ஸின் மையமான கர்னலுக்குக் கணக்கின் பெயரே தெரியாது, எண் மட்டும்தான். கணக்குகளின் பட்டியலான பாஸ்வேர்ட் ஃபைலில் பெயரைப் பார்த்துத்தான், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டுகிறது. 1003-இன் கணக்கை யாரோ நீக்கியிருக்கிறார்கள், ஃபைல்கள் அப்படியே நிற்கின்றன. இப்போது கடைசிக் கணக்கு 1002. திங்களன்று புது ஆள் வருகிறார். கணக்கு உருவாக்கும் யூசர்ஆட் கட்டளை அவருக்கு அடுத்த எண்ணைத்தான் கொடுக்கும். கொடுத்தால் அத்தனையும் அவருடையதாகிவிடும், 600 என்று உரிமையாளருக்கு மட்டும் பூட்டி வைத்த ரகசியச் சாவி ஃபைல் உட்பட. அவர் எந்தத் தப்பும் செய்ய வேண்டியதில்லை, உள்ளே வந்தாலே போதும்.

மார்ச் 8
ஃபைண்ட் என்ற தேடல் கட்டளையில் நோயூசர் போட்டு, கணக்கில்லாத உரிமையாளரின் ஃபைல்களைத் தேடினேன். பட்டியல் முடிகிறபாடில்லை.

மார்ச் 10
புதியவருக்கு, எண்ணை நாமே குறிக்கும் மைனஸ் யூ போட்டு 1050 கொடுத்தேன். குழுவில் சேர்க்கும்போது, இருப்பதோடு கூட்டு என்று சொல்லும் மைனஸ் ஏ-வும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்டர். அது விட்டுப்போனால் ஏற்கெனவே இருக்கும் மற்ற குழுக்கள் எல்லாம் கழன்றுவிடும். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள் என்றேன், அப்போதுதான் புதுக் குழு செல்லும். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானின் பதிவைப் பார்த்தேன். ஒருவரின் வேலைப் பட்டியலான க்ரான்டேபை 'ஆர்ஃபன்', அதாவது அநாதை, என்று குறித்து ஒதுக்கியிருக்கிறது. உரிமையாளர் 1003. ஃபைலின் பெயரே ஆளின் பெயர். உள்ளே ஒரே வரி: தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப்.

கணக்கு இல்லாதவரின் வேலையைக் க்ரான் ஓட்டாது.